பதின்வயது உளவாளிகள்: எந்த வரிசையை முதலில் கொடுக்கலாம்?

ஒன்பதிலிருந்து பதினைந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு உளவுக் கதை வாங்கலாம் என்று தேடினால் ஆங்கிலத்தில் ஏழெட்டு வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. பின்னட்டையைப் படித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரு கெட்டிக்காரப் பிள்ளை, ஒரு ரகசிய அமைப்பு, உலகத்தைக் கவிழ்க்கத் திட்டம் போடும் ஒரு பணக்காரர், அவ்வளவுதான். உள்ளே போனால் கதை வேறு. ஒன்று 9 வயதுப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தபடி படிக்கக்கூடியது. இன்னொன்றை 13 வயதுக்கு முன்னால் கொடுத்தால் பாதியில் நீங்களே வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைக்க நேரும்.

பிரித்துப் பார்க்க நான் பயன்படுத்தும் உரைகல் ஒரே ஒரு கேள்வி. ஒரு சின்னப் பிள்ளையை உயிருக்கு ஆபத்தான வேலைக்குப் பெரியவர்கள் ஏன் அனுப்புகிறார்கள்? இந்த வகைக் கதை எழுதும் யாரும் இந்தக் கேள்வியைத் தாண்டாமல் முதல் அத்தியாயத்தை முடிக்க முடியாது. அவர் என்ன பதில் வைத்திருக்கிறார் என்று பார்த்தாலே கதை எவ்வளவு இருட்டு, எவ்வளவு சிரிப்பு, எந்த வயதுக்கு என்பதெல்லாம் ஓரளவு பிடிபட்டுவிடும்.

முதலில் அலெக்ஸ் ரைடர். ஆண்டனி ஹோரோவிட்ஸ் எழுதிய இந்த வரிசையின் முதல் நாவலான ஸ்டார்ம்பிரேக்கர் 2000இல் வந்தது. இங்கே நான் பேசப்போகும் மற்ற வரிசைகள் எல்லாமே அதற்குப் பிறகு வந்தவை. அலெக்ஸுக்கு 14 வயது. பெற்றோர் இல்லை, அப்பாவின் உடன்பிறந்தவரான இயான் ரைடர்தான் லண்டனில் வைத்து வளர்க்கிறார். விடியற்காலை 3 மணிக்குக் காவலர்கள் வந்து, இயான் கார் விபத்தில் போய்விட்டார், சீட் பெல்ட் போடவில்லை என்கிறார்கள். பையனுக்குப் பொறி தட்டுவது அங்கேதான். பெல்ட் விஷயத்தில் அவ்வளவு கறாராக இருந்த மனிதர், தான் மட்டும் போடாமல் போயிருப்பாரா? பழைய கார்களை நசுக்கும் இடத்துக்குத் தேடிப் போகிறான்; காரில் துப்பாக்கிக் குண்டுத் துளைகள். அவன் உள்ளே இருக்கும்போதே கார் நசுக்கும் எந்திரத்துக்குள் போகிறது. நாவலின் மொத்த முறையும் இந்தச் சில பக்கங்களில் இருக்கிறது: ஒரு சின்ன வீட்டுப் பழக்கம், அதிலிருந்து ஒரு சந்தேகம், உடனே மூச்சுமுட்டும் ஓட்டம்.

சரி, நம் கேள்விக்கு வருவோம். பிரிட்டிஷ் உளவு நிறுவனமான எம்.ஐ.6 அலெக்ஸை ஏன் அனுப்புகிறது? தேவைப்படுகிறான், அதனால் அனுப்புகிறது. அவன் மறுத்தால் விடுதியில் போய் விழ வேண்டியதுதான் என்றும், அவனைப் பார்த்துக்கொள்ளும் அமெரிக்கப் பெண் ஜாக் ஸ்டார்பிரைட்டின் விசா தீர்ந்துவிட்டதால் அவளை நாட்டைவிட்டு அனுப்பிவிடலாம் என்றும் அந்த நிறுவனத்தின் சிறப்பு நடவடிக்கைப் பிரிவுத் தலைவர் ஆலன் பிளன்ட் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொல்கிறார். பச்சையான மிரட்டல். ஹோரோவிட்ஸ் இதை மூடி மறைக்கவில்லை. வரிசையில் பெரும்பாலும் அலெக்ஸ் விருப்பமில்லாமல்தான் போகிறான், ஒவ்வொரு முறையும் காயப்பட்டுத்தான் திரும்புகிறான். நல்லவர்கள் பக்கம் இருக்கும் பெரியவர்களையும் நம்ப முடியாது என்பது இந்தக் கதைகளின் அடிநாதம். பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரிகிறது என்பதால்தான் வரிசை இவ்வளவு காலம் நிற்கிறது என்று எனக்குத் தோன்றும்.

அந்த இருட்டைச் சமன்செய்ய விளையாட்டுச் சாமான் மாதிரி கருவிகள் வருகின்றன. பையனுக்குத் துப்பாக்கி கிடையாது. பாரம் தாங்கும் நைலான் கயிறு கொண்ட ஒரு யோ-யோ, உலோகத்தை அரிக்கும் பருக் களிம்பு, மாற்றியமைத்த ஒரு கேம்பாய் (கையடக்க வீடியோ விளையாட்டுக் கருவி). பருக் களிம்பு என்ற யோசனைக்காகவே ஹோரோவிட்ஸுக்கு ஒரு சபாஷ் போடலாம்; 14 வயதுப் பையனின் பையில் அது இருந்தால் யார் சந்தேகப்படப்போகிறார்கள்!

குறையும் உண்டு. ஸ்டார்ம்பிரேக்கரின் வில்லன் ஹெரட் சைல் கெய்ரோவில் பிறந்தவர், குள்ளமானவர். அவருடைய ஆள் மிஸ்டர் கிரின் முகம் கிழிபட்டவர். வெளிநாட்டுக்காரர், உடலில் குறையுள்ளவர் என்றால் கெட்டவர் என்று காட்டுவது பழைய ஜேம்ஸ் பாண்ட் காலத்து வழக்கம். ஹோரோவிட்ஸ் அதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார். அதற்காகப் புத்தகத்தை ஒதுக்க வேண்டாம். ஆனால் பிள்ளை படித்து முடித்ததும் “இந்த ஆளை ஏன் இப்படிக் காட்டியிருக்கிறார்?” என்று ஒரு கேள்வி போட்டு வைக்கலாம். இன்னொன்று, சைல் பிரதமர்மேல் வைத்திருக்கும் வன்மம் பள்ளிக்கூடத்தில் பட்ட கேலியிலிருந்து வருகிறது. பிரிட்டனின் பள்ளிகளுக்கெல்லாம் இலவசமாகக் கணினி தருவது அந்தப் பழி வாங்கலின் கருவி. வில்லனுக்குக்கூடப் பள்ளிக்கூடக் காயம்தான் காரணம் என்பதைப் பிள்ளைகள் கவனிக்காமல் விடுவதில்லை.

அடுத்தது செரப். ராபர்ட் முச்சமோரின் முதல் நாவல் தி ரெக்ரூட் 2004இல் வந்தது. முதல் சுற்றில் 12 நூல்கள், பின்னர் 5, ஆக 17. ஸ்டார்ம்பிரேக்கருடன் அடுத்தடுத்துப் படித்தால் வித்தியாசம் முகத்தில் அறைகிறது. கதாநாயகன் ஜேம்ஸின் அம்மா கடைகளில் திருடும் கும்பல் நடத்துபவர். அவர் இறந்ததும் தங்கை லாரனை அவளுடைய அப்பா கூட்டிப் போக, ஜேம்ஸ் அரசு இல்லத்துக்குப் போகிறான். அங்கே தப்பான சேர்க்கை, போலீஸ் வம்பு. ஒரு நாள் கண்விழித்தால் வேறு ஒரு வளாகம்; செரப் என்ற ரகசிய உளவு அமைப்பின் இடம் அது.

செரப்பில் 10 முதல் 17 வயது வரையுள்ள, பெரும்பாலும் ஆதரவற்ற பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். காரணம் நேரடியானது: வீட்டுக்குள் ஒரு பிள்ளை வேவு பார்க்கும் என்று குற்றவாளிகள் எதிர்பார்ப்பதில்லை. சேர்வதற்கே பரீட்சை, அதில் ஒன்று கோழியைக் கொல்வது. பிறகு 100 நாள் அடிப்படைப் பயிற்சி. டி-சட்டையின் நிறம்தான் பதவி: பயிற்சியில் இளநீலம், தேறியதும் சாம்பல், பிறகு கடற்படை நீலம், கறுப்பு. பிள்ளைகள் இந்த நிறங்களை மனப்பாடம் செய்துவிடுவார்கள். தண்ணீரைக் கண்டால் நடுங்கும் ஜேம்ஸ் பயிற்சிக்கு முன்னால் நீச்சல் கற்றாக வேண்டும் என்ற பகுதி முதல் நூலின் சிறந்த பகுதிகளில் ஒன்று. அங்கே எந்த வில்லனும் இல்லை, ஒரு குளமும் ஒரு பயமும்தான்.

கேள்விக்கு முச்சமோர் தரும் பதில் ஹோரோவிட்ஸின் பதிலுக்கு நேர் எதிர். இங்கே விதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பணியையும் ஒரு நெறிக்குழு பார்த்து அனுமதிக்க வேண்டும். எந்தப் பிள்ளையும் பணியை மறுக்கலாம், நடுவில் விலகலாம். வாசிக்கும்போது நிம்மதியாக இருக்கிறது. அப்புறம் அந்த நிம்மதி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. இரண்டாவது நூலான கிளாஸ் ஏ-யில் போதைப்பொருள் வியாபாரி ஒருவனைப் பிடிக்க ஜேம்ஸ் அவனுடைய மகனோடு நண்பனாகிறான். சேர்ந்து குத்துச்சண்டைப் பயிற்சி, சேர்ந்து சுற்றல். வேலை முடிந்தால் அந்தப் பையனின் அப்பா சிறையில், ஜேம்ஸ் காணாமல் போய்விடுவான். விதிகள் எல்லாம் சரியாகத்தான் பின்பற்றப்பட்டன. ஆனால் ஒரு பிள்ளையின் நட்பையே பொறியாக வைத்தாயிற்று. மறைந்து வேலை செய்வது என்றால் உண்மையில் இதுதான். வெடிக்கும் கருவி எதுவும் இதைச் சொல்லித் தராது.

இது வெறும் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. பிரிட்டனில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் காவல்துறை ரகசியத் தகவலாளிகளாகப் பயன்படுத்துவது 2018இல் பிரபுக்கள் சபைக் குழு ஒன்று கேள்வி எழுப்பியபோது பெரிய பேச்சானது. அதற்கான அனுமதிக் காலத்தை அரசு 1 மாதத்திலிருந்து 4 மாதமாக நீட்டியிருந்தது. ஒரு சிறுவர் உரிமை அமைப்பு வழக்குப் போட்டது. 2019இல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. செரப் படித்த 14 வயதுப் பிள்ளையிடம் இந்தச் செய்தியைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் “அவங்களுக்கு வேண்டாம்னு சொல்ல முடியுமா?” என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கும் பக்குவம் செரப்பில் இருக்கிறது. அலெக்ஸ் ரைடரில் அந்த அளவுக்கு இல்லை.

அப்படியானால் செரப் மேலா? பரபரப்பான கதை என்ற அளவில் அலெக்ஸ் ரைடர் மேல். பிள்ளைகளைப் பிள்ளைகளாகவே காட்டுவதில் செரப் மேல். ஜேம்ஸ் சண்டை போடுகிறான், பொய் சொல்கிறான், பெண் பிள்ளைகளிடம் அசடு வழிகிறான், சில இடங்களில் நமக்கே பிடிக்காமல் போகிறான். கெட்ட வார்த்தை, மது, போதைப்பொருள், காதல் எல்லாம் வருகின்றன. மேல்தட்டில் வைக்க நேரும் என்று முதலில் சொன்னது இந்த வரிசையைத்தான். என் கணக்கில் 13 வயதுக்கு முன் வேண்டாம். நன்றாகப் பேசிப் பழகும் வீடு என்றால் 12. ஸ்டார்ம்பிரேக்கரில் வசை கிடையாது, காதலும் இல்லை. ஆனால் சாவுகள் உண்டு, அவற்றில் சில விகாரமானவை. 11 வயதில் தாராளமாகத் தொடங்கலாம். ஐந்தாவது நூலான ஸ்கார்பியாவிலிருந்து கதை கனக்கத் தொடங்குகிறது. அதற்குள் படிப்பவருக்கும் ஒரு வயது கூடியிருக்கும்.

இதற்கும் சின்னப் பிள்ளைகள் என்றால் நேராக ஸ்டூவர்ட் கிப்ஸின் ஸ்பை ஸ்கூல் பக்கம் போங்கள். முதல் நூல் 2012இல் வந்தது. 12 வயது பென் ரிப்ளியை, வாஷிங்டனில் அறிவியல் பள்ளி என்ற பெயரில் நடக்கும் சி.ஐ.ஏ. பயிற்சிப் பள்ளிக்கு அழைக்கிறார்கள். தன் திறமைக்காகத்தான் எடுத்தார்கள் என்று நினைத்துப் பூரிக்கிறான். உண்மை என்னவென்றால் உள்ளே இருக்கும் ஒரு துரோகியைப் பிடிக்க இவனைத் தூண்டில் புழுவாகப் போட்டிருக்கிறார்கள். நம் கேள்விக்கு இதைவிட மோசமான பதில் இருக்க முடியாது, ஆனால் கிப்ஸ் அதைச் சிரிப்பாக மாற்றிவிடுகிறார். அந்த உலகத்தில் பெரியவர்கள் பெரும்பாலும் உதவாக்கரைகள். நாடே கொண்டாடும் உளவாளி அலெக்சாண்டர் ஹேல் சுத்த வேஷதாரி. எல்லா வேலையையும் உண்மையில் செய்பவள் அவருடைய மகள் எரிகா. நூலின் தொடக்கத்தில் கறுப்பு மை பூசி மறைக்கப்பட்ட அரசுக் கடிதம் ஒன்று வரும். அதைப் பார்த்ததுமே பிள்ளைகள் உள்ளே வந்துவிடுவார்கள். படிக்கத் தயங்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. ஆங்கிலம் எளிது, அத்தியாயங்கள் குட்டி, பத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இருப்பதால் பிடித்துப்போனால் வண்டி நீண்ட நாள் ஓடும். நகைச்சுவை பிடிக்காத பிள்ளைக்கு மட்டும் கொடுக்க வேண்டாம். இரண்டாவது நூலிலேயே அலுத்துவிடும்.

அதே வயதுக்கு இன்னொரு தேர்வு ஜேம்ஸ் பான்டியின் சிட்டி ஸ்பைஸ், 2020. ஐந்து பிள்ளைகள், ஒவ்வொருவரும் எங்கே சேர்க்கப்பட்டார்களோ அந்த ஊரின் பெயரே அவர்கள் பெயர்: பாரிஸ், சிட்னி, ரியோ, புரூக்ளின். காட்மாண்டுவிலிருந்து வந்தவள் காட் ஆகிறாள். புரூக்ளினாக மாறும் சாரா, தன்னை வளர்க்கப் பணம் வாங்கிக்கொண்டு கொடுமை செய்தவர்களை அம்பலப்படுத்த நீதிமன்றக் கணினிக்குள் நுழைந்து மாட்டியவள். வழக்கறிஞர் வேஷத்தில் வந்து அவளை மீட்கும் எம்.ஐ.6 ஆளின் பெயர் மதர். அவர் ஓர் ஆண். இங்கே பதில் குடும்பம். யாரும் இல்லாத பிள்ளைகளுக்கு ஸ்காட்லாந்தில் ஒரு வீடு கிடைக்கிறது, வேலை அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. கொஞ்சம் யோசித்தால் இதுவும் ஒரு பேரம்தானே என்று தோன்றும். நூல் அந்தப் பக்கம் ரொம்பப் போவதில்லை. ஆனால் கணக்கு, சதுரங்கம், கண்கட்டு வித்தை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு திறமை இருப்பதும், கூட்டாகச் செய்தால்தான் காரியம் ஆகும் என்பதும் இந்த வயதுக்கு நன்றாக இறங்குகிறது. சிரிப்பைவிடப் பாசம் தேடும் பிள்ளைக்கு ஸ்பை ஸ்கூலுக்குப் பதில் இது.

புதிர் பிடித்த பிள்ளை என்றால் லாரன் சைல்டின் ரூபி ரெட்ஃபோர்ட். 2011 முதல் 2016 வரை ஆறு நூல்கள். கதாநாயகிக்கு 13 வயது, வாய் கொழுத்தவள், பார்ப்பதையெல்லாம் மஞ்சள் நோட்டுகளில் குறித்து வைப்பவள். இதில் வரும் ரகசியக் குறியீடுகளை அமைத்துக் கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு கணிதப் பேராசிரியர் மார்கஸ் டு சவுத்தோய் என்பதால் குறியீடுகளை உண்மையாகவே உட்கார்ந்து உடைக்கலாம். யாரும் மிரட்டுவதில்லை, யாரும் ஏமாற்றுவதில்லை. அவளே மூக்கை நுழைத்துக்கொண்டு போகிறாள். கதை மெதுவாக நகரும். ஓட்டம் வேண்டும் என்பவர்கள் பாதியில் வைத்துவிடுவார்கள், பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு உட்காருகிறவர்கள் வைக்க மாட்டார்கள்.

மற்ற இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சார்லி ஹிக்சனின் யங் பாண்ட் வரிசை, ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயான் ஃபிளெமிங்கின் பதிப்புரிமையாளர்களின் அனுமதியோடு வந்தது, முதல் நூல் சில்வர்ஃபின் 2005. 1930களில் ஈட்டன் பள்ளியில் படிக்கும் 13 வயது ஜேம்ஸ் பாண்டுக்கு உளவு நிறுவனமே கிடையாது, தற்செயலாக மாட்டிக்கொள்கிறான். அதனால் கேள்வியும் எழுவதில்லை. வர்ணனை செறிவானது, விலாங்கு மீன்கள் வரும் பகுதிகள் உண்மையிலேயே குமட்டும். 12 வயதுக்கு மேல், நிதானமாகப் படிக்கும் பிள்ளைக்கு. ஹிக்சன் எழுதியவை ஐந்து. பின்னால் ஸ்டீவ் கோல் நான்கு எழுதினார். முதல் ஐந்தோடு நின்றாலும் ஒன்றும் குறைந்துவிடாது. ஆலி கார்ட்டரின் கேலகர் கேர்ள்ஸ் (2006 முதல் ஆறு நூல்கள்) வர்ஜீனியாவில் ஓர் உளவுப் பெண்கள் பள்ளியில் நடக்கிறது. தலைமை ஆசிரியையே கதாநாயகியின் அம்மா. இங்கே உளவு பரம்பரைத் தொழில். முதல் நூலில் உளவைவிட ஊர்ப்பையன் மேல் வரும் காதல்தான் அதிகம். அதைத் தேடும் 13 வயதுக்கு மிகப் பொருத்தம், சண்டை தேடுபவருக்கு ஏமாற்றம்.

இவற்றுக்கெல்லாம் பாட்டன் என்று ருட்யார்ட் கிப்ளிங்கின் கிம் நாவலை (1901) சிலர் பரிந்துரைப்பார்கள். லாகூர் தெருவில் வளர்ந்த அநாதைப் பையனைப் பிரிட்டிஷ் பேரரசின் உளவுக்குப் பழக்குகிறார்கள். தட்டில் இருக்கும் கற்களைச் சில நொடி பார்த்துவிட்டு, மூடியதும் நினைவிலிருந்து சொல்லும் விளையாட்டு அதிலிருந்துதான் சாரணர் இயக்கத்துக்குப் போனது. விளையாட்டை இன்றைக்கே விளையாடலாம். நாவலைப் பதினாறுக்குத் தள்ளிப்போடுங்கள்; யாருக்காக அந்தப் பையன் உளவு பார்க்கிறான் என்று கேட்கும் வயதில் படித்தால்தான் அதற்கு அர்த்தம்.

ஆக ஒரு பிள்ளைக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்: 9, 10 வயதுக்கு ஸ்பை ஸ்கூல், 11, 12க்கு ஸ்டார்ம்பிரேக்கர், 13 தாண்டி, கதைகளில் பெரியவர்கள் பேசுவது போலி என்று முறைக்கும் பருவம் வந்துவிட்டால் தி ரெக்ரூட். மூன்றையும் இந்த வரிசையிலேயே படித்தாலும் பொருந்தும். தலைகீழாக மட்டும் போகக் கூடாது. செரப்புக்குப் பழகிய கண்ணுக்கு யோ-யோ சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். வரலாறு பிடிக்குமென்றால் செரப்புக்குப் பதில் முச்சமோரின் ஹெண்டர்சன்ஸ் பாய்ஸ் கொடுக்கலாம். 1940இல் ஜெர்மானியர் பிரான்சுக்குள் நுழையும்போது தொடங்கும் ஏழு நூல்கள், செரப் அமைப்பு எப்படிப் பிறந்தது என்ற கதை. போரின் நெருக்கடியில் பிள்ளைகளை ஏன் பயன்படுத்தினார்கள் என்ற கேள்விக்கு அங்கே பதில் கொஞ்சம் எளிதாகக் கிடைக்கிறது.

திரையில் பார்த்துவிட்டுப் படிக்கலாமா என்றும் கேட்பார்கள். ஸ்டார்ம்பிரேக்கர் 2006இல் படமானது. அதற்கு மேல் தொடரவில்லை. 2020இல் வந்த தொலைக்காட்சித் தொடர் இரண்டாவது நூலான பாயின்ட் பிளாங்கிலிருந்து தொடங்குகிறது. அதில் வரும் அலெக்ஸ் வயதில் கொஞ்சம் பெரியவன், தொனியும் புத்தகத்தைவிடக் கனம். 11 வயதுக்குப் புத்தகம் முதலில், தொடர் பிறகு. 14 வயதில் படிக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு முதலில் தொடரைக் காட்டிவிட்டு ஸ்கார்பியா நூலை மேசையில் போட்டு வைக்கலாம்.

அலெக்ஸ் ரைடரில் ஊறிப்போனவர்களுக்கு ஒரு நூல் மிச்சம் இருக்கிறது: ரஷ்யன் ரூலெட், 2013. அலெக்ஸ் அதில் அநேகமாக வருவதில்லை. முதல் நூலிலிருந்தே நிழலாகத் தொடரும் கூலிக் கொலையாளி யாசென் கிரெகரோவிச், அலெக்ஸைக் கொல்லும்படி வந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு தன் பழைய நாட்குறிப்பைப் படிக்கிறான். அவனுடைய கதையும் 14 வயதில்தான் தொடங்குகிறது, பெற்றோர் ஒரே நாளில் போகிறார்கள், அவனையும் பெரியவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். இதை நான்காவது நூலான ஈகிள் ஸ்டிரைக்கும் ஸ்கார்பியாவும் முடிந்த பிறகே கொடுங்கள். முன்னால் படித்தால் அவற்றில் உள்ள ரகசியங்கள் உடைந்துபோகும்.